பத்தொன்பதாம் துளை

காஸ்லிங் ஏரி ஊருக்கு லாரி வருவது வருஷத்தில் ஏழெட்டு வாரம்தான். ஏரி நன்றாக உறைந்த பிறகு அதன் மேலேயே பனியை ஒதுக்கி, தெற்குக் கரையிலிருந்து ஊர் வரை முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குச் சாலை போடுவார்கள். டீசல், மரப்பலகை, மாவு மூட்டை, துணி துவைக்கும் இயந்திரம் என்று கனமானது எல்லாம் அந்த ஏழெட்டு வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். மற்ற நாட்களில் விமானம் கொண்டுவருவதைத்தான் நம்பியிருக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு பாரம் ஏரியின் மேல் போகலாம் என்று அறிவிப்பது சாலை அலுவலகத்தின் வேலை. அந்த அலுவலகத்தில் இருந்தது ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு ரேடியோ, டார்கஸ் ஃபிளெட்.

டார்கஸுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினொரு வருஷம் வருகைப் பதிவு பார்த்துவிட்டு இங்கே வந்தவள். அவள் வருவதற்கு முன்னால் ஏரியைத் திறப்பதும் மூடுவதும் சண்டையில்தான் முடியும். பனியைத் துளைத்துத் தடிமன் பார்ப்பவர் அவள் கணவனின் அண்ணன் லாசரஸ். அவர் நோட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். அவசரக்காரன் ‘தாங்கும்’ என்பான், பயந்தவன் ‘தாங்காது’ என்பான், யார் குரல் பெரிதோ அவர் சொன்னது நடக்கும். ஒரு வருஷம் மரம் ஏற்றிய லாரியின் பின்சக்கரம் கரையோரம் உள்ளே போய்விட்டது. உயிர்ச்சேதமில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கவுன்சில் அவளை இரண்டு வாரக் கணினி வகுப்புக்கு அனுப்பியது.

வகுப்பிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு வித்தை. அது போதுமானதாக இருந்தது. ஏரிச் சாலையில் கிலோமீட்டருக்கு ஒன்றாக முப்பத்தொரு துளைகள். ஷீட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி. ஒரு கட்டத்தில் லாசரஸ் அளந்த தடிமன், பக்கத்துக் கட்டத்தில் அவளுடைய ஃபார்முலா. தடிமன் நூறு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ‘முழுப் பாரம்’ என்று காட்டிப் பச்சையாகும். இல்லாவிட்டால், எழுபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் ‘அரைப் பாரம்’, மஞ்சள். அதுவும் இல்லாமல் நாற்பதாவது இருந்தால் ‘சின்ன வண்டி’, ஆரஞ்சு. எதிலும் சேராவிட்டால் ‘மூடு’, சிவப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ‘இருந்தால்’கள். அடைப்புக்குறி ஒன்று குறைந்துபோய், அது எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது.

அந்த ஷீட் வந்த பிறகு சண்டை நின்றது. கணினி பச்சை என்றால் பச்சை. யாரும் அதனோடு குரலை உயர்த்திப் பேச முடியவில்லை. ஊர் அவளுக்கு ‘இருந்தா ஆன்ட்டி’ என்று பெயர் வைத்தது. கடையில் பால் எடுக்கப் போனால் கல்லாவில் இருப்பவள், “ஆன்ட்டி, பால் இருந்தா குடுக்குறேன், இல்லாட்டி பவுடர் குடுக்குறேன், அதுவும் இல்லாட்டி கடைய மூடிடுறேன்” என்பாள். கணவன் ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு மேஜையில் இதையே சூப்பை வைத்துச் சொல்வான். டார்கஸ் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

லாசரஸுக்கு மட்டும் ஒரு குறை. டிசம்பரில் ஒருநாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து அவள் மேஜை முன்னால் நின்றார்.

“இன்னொரு கட்டம் போட்டுக் குடு, டார்கஸ். வெறும் நம்பர் போதாது. பனி கெட்டியா நீலமா இருக்கா, பொலபொலன்னு வெள்ளையா இருக்கா, விரிசல் ஓடுதா, தண்ணி மேல வந்திருக்கா, இதெல்லாம் நான் எங்க எழுதுறது?”

“உங்க நோட்டுல எழுதுங்க. ஷீட்டுக்கு நம்பர்தான் புரியும்.”

“ஷீட்டுக்கா, உனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான். நீங்க ‘கொஞ்சம் வெள்ள’ன்னு எழுதுவீங்க. எவ்வளவு கொஞ்சம்னு கேட்டு மறுபடி பத்து பேர் இங்க வந்து நிப்பாங்க. அது வேணாம்.”

லாசரஸ் கதவுப் பக்கம் திரும்பினார். “சரி, நீதான் படிச்சவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா விளையாட்டாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த வருஷம் குளிர் தாமதமாக வந்தது. ஜனவரி முடிந்தும் ஏரி அரைப் பாரத்துக்கு மேல் தாங்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்கு எண்ணெய் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சாலைகளுக்குப் பொறுப்பான கவுன்சிலர் வில்பர்ட் ஒகிமாவ் தினமும் காலையில் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். இருபத்துநாலாவது துளையும் இருபத்தைந்தாவது துளையும் தொண்ணூற்றாறிலும் தொண்ணூற்றெட்டிலும் மஞ்சளாகவே நின்றன.

“இந்த ரெண்டு மஞ்சக் கட்டத்துக்காக நூத்திப்பத்து பிள்ளைங்க ஜாக்கெட்டோட உக்காந்து படிக்குதுங்க” என்றார் ஒகிமாவ்.

“குளிர்கிட்ட சொல்லுங்க, கவுன்சிலர். நான் என்ன பண்ணட்டும்?”

பிப்ரவரி இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் லாசரஸ் தானே நிரப்பி அனுப்பிய அளவுகள் ஷீட்டில் வந்து சேர்ந்தன. இருபது துளைகளை முந்தின நாள் அளந்திருந்தார், மீதியை அன்று விடிந்ததும். டார்கஸ் முதலில் இருபத்துநாலைப் பார்த்தாள். நூற்றொன்று. இருபத்தைந்து, நூற்று மூன்று. பிறகு ஃபார்முலா வரிசையில் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாள். முப்பத்தொன்றும் பச்சை. அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை.

அவள் ரேடியோவை எடுத்து, “காஸ்லிங் ஏரி, முழுப் பாரம், திறந்திருக்கு” என்று இரண்டு தடவை சொன்னாள். யாரோ ஒரு பெண் குரல் “ஆமென்” என்றது. தெற்குக் கரையில் இரவெல்லாம் காத்துக்கிடந்த எண்ணெய் டேங்கரின் டிரைவர் ஓரெஸ்ட் ஹிரின்சுக்கின் கரகரத்த குரல் ஒன்பதே கால் மணிக்கு வந்தது: “கிலோமீட்டர் சைபர். பாரத்தோட வடக்க வர்றேன்.” ஓரெஸ்ட் இருபத்தாறு வருஷமாகப் பனிச்சாலையில் ஓட்டுகிறவர். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகமாட்டார். கனமான வண்டி வேகமாகப் போனால் பனிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும்பி, முன்னால் இருக்கிற பனியை உடைத்துவிடும்.

ஐந்தாம் கிலோமீட்டரிலும் ஒன்பதாம் கிலோமீட்டரிலும் அவர் குரல் கொடுத்தார். அதற்கப்புறம் தீவுகளின் மறைவு. பதினெட்டு வரைக்கும் எந்த ரேடியோவும் எடுக்காது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

டார்கஸ் கடைக் கதவில் ஒட்டுவதற்காக ஷீட்டை அச்செடுத்தாள். அச்சு இயந்திரத்தில் வண்ண மை தீர்ந்து இரண்டு வாரமாகிறது. தாள் வெறும் கறுப்பு வெள்ளையில் வந்தது. பச்சை இல்லாத தாளில் அவள் கண் வேறு வழியில்லாமல் எண்களின் மேல் போனது. எண்களெல்லாம் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்று மட்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. துளை பத்தொன்பது. ‘58 சேறு.’ பக்கத்தில்: ‘முழுப் பாரம்.’

அவள் அதை மறுபடி படித்தாள். பத்தொன்பதாவது துளை இடுக்கில் இருந்தது. இரண்டு பாறைக்கரைகளுக்கு நடுவே ஏரி ஒடுங்கி, அடியில் நீரோட்டம் இருக்கிற இடம். பழைய தடத்தில் விரிசல் விட்டதால், போன வாரம்தான் அங்கே சாலையை அறுபது மீட்டர் கிழக்கே தள்ளிப் போட்டிருந்தார்கள். இது புதுத் தடத்தில் போட்ட புதுத் துளை.

ஐம்பத்தெட்டுக்கு எப்படி முழுப் பாரம்? அவள் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு 58 என்று மட்டும் தட்டினாள். பக்கத்துக் கட்டம் ஆரஞ்சாகி ‘சின்ன வண்டி’ என்றது. ‘58 சேறு’ என்று தட்டினாள். பச்சை. ‘சேறு’ என்று மட்டும் தட்டினாள். பச்சை. கடைசியாக ‘டார்கஸ்’ என்று தன் பெயரைத் தட்டினாள். ‘முழுப் பாரம்.’ முப்பத்தாறு டன் போகலாம் என்றது கட்டம்.

எழுத்து ஒன்று கலந்துவிட்டால் கணினிக்கு அது எண் இல்லை. எண் இல்லாததை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், அது எழுத்தையே எப்போதும் பெரிதென்று எடுத்துக்கொள்கிறது. நூறைவிடப் பெரியதா? பெரியது. ஆயிரத்தைவிட? அதைவிடவும் பெரியது. மூன்று வருஷமாக அவள் கட்டிவைத்த கதவு, எண்களைத்தான் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறது. எழுத்தாக வந்த எதையும் தலையைக்கூட நிமிர்த்தாமல் உள்ளே விட்டிருக்கிறது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. டேங்கர் பத்தாம் கிலோமீட்டரில் இருக்கும். இன்னும் அரைமணி நேரம் கழித்து இடுக்கில்.

“காஸ்லிங் ஏரி மூடியாச்சு. எல்லா வண்டிக்கும் மூடியாச்சு. ஓரெஸ்ட், கேக்குதா? ஓரெஸ்ட், நில்லுங்க.” மூன்று தடவை சொன்னாள். இரைச்சல்தான் திரும்பி வந்தது.

அறிவிப்பைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஒகிமாவ் காப்பிக் கோப்பையோடு வந்தார்.

“என்ன மூடுற? இப்பதானே தொறந்த?”

“பத்தொன்பதுல அம்பத்தெட்டுதான். ஷீட் தப்பாக் காட்டிடுச்சு.”

“ஒரு துளை. முப்பது துளை நல்லா இருக்கு. ஓரெஸ்ட் மெதுவாத்தான் ஓட்டுவான். தாங்கிடும், டார்கஸ்.”

“முப்பது நல்லா இருந்தா என்ன? மீதி இருக்குற ஒண்ணுலதான் வண்டி உள்ள போகும்” என்று சொல்லிக்கொண்டே அவள் அச்செடுத்த தாளோடு வெளியே ஓடினாள். மேல்கோட்டு நாற்காலியிலேயே கிடந்தது.

அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் லாசரஸ் துளைக்கருவியின் உடைந்த பிடியை வெல்டிங் செய்துகொண்டிருந்தார். சத்தத்தில் அவர் எந்த அறிவிப்பையும் கேட்டிருக்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் முகமூடியைத் தூக்கினார்.

“பத்தொன்பதுல என்ன எழுதினீங்க?”

“அம்பத்தெட்டு. சேறு. மேல தண்ணி ஏறி, பனி ஊறிச் சேறாக் கெடக்கு. ஏன்?”

“டேங்கர் ஏரி மேல இருக்கு. முழுப் பாரம். ரேடியோ எடுக்கல.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். ‘எப்படித் திறந்தாய்’ என்று கேட்கவில்லை. வெல்டிங் கருவியை அணைத்துவிட்டுப் பனிஸ்கூட்டரின் பக்கம் நடந்தார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பதினாறு பாரு. பனி ஒதுக்குற வண்டி திரும்புறதுக்கு அங்க அகலமா தள்ளி வெச்சிருக்கோம்.”

அவள் நோட்டிலும் தாளிலும் பார்த்தாள். “பதினாறு, நூத்தி நாலு. பதினஞ்சு, நூத்தி ஒம்பது. ரெண்டுலயும் அதேதான் இருக்கு.”

“நீலப் பனின்னு எழுதியிருக்கேனா?”

“ரெண்டுக்கும் நீலம்னுதான் இருக்கு.”

“அப்ப அங்கயே திருப்பிடுறேன். நடுவுல பாரத்தோட நிக்கவிட்டா அதுவும் ஆபத்து. நீ உள்ள போ. சட்டையோட நின்னுக்கிட்டிருக்க.”

பனிஸ்கூட்டர் கரையிலிருந்து ஏரியில் இறங்கி, ஒரு புள்ளியாகி மறைந்தது. பதினாறு கிலோமீட்டர். எவ்வளவு விரட்டினாலும் கால்மணி நேரம் ஆகும். இடுக்கை அவரும் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்கூட்டரை அது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவள் செய்ய ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரேடியோவில் கூப்பிட்டாள். நடுநடுவே, மூன்று வருஷத்து ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இடது ஓரம் ஒட்டிய எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். போன வருஷம் மார்ச்சில் ஒன்று இருந்தது: ‘112 நல்லது.’ அன்றைக்குச் சிமெண்ட் லாரிகள் மூன்று போயிருந்தன. பனி நிஜமாகவே நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஷீட் அதைப் பார்த்துப் பச்சை காட்டவில்லை, தற்செயலாகப் பொருந்தியிருந்தது.

ஒகிமாவ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் குரல் இப்போது இறங்கியிருந்தது.

“வண்டி உள்ள போச்சுன்னா…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, “எப்படியும் லாசரஸ் நம்பர் கட்டத்துல எழுத்து எழுதியிருக்கக் கூடாதுதானே? அது அவன் தப்பு. தீர்மானத்துலயும் அப்படித்தான் எழுதணும்” என்றார்.

டார்கஸ் மறுபடி ரேடியோவில் கூப்பிட்டாள். கடிகாரம் பத்து முப்பத்தொன்றைத் தாண்டியது. டேங்கர் நிற்காமல் வந்திருந்தால் இந்நேரம் இடுக்கில் இருக்கும். பத்து நாற்பது. தாண்டியிருந்தால் இருபதிலிருந்து குரல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குரல் வராததற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். அவள் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள்.

பதினொன்று ஐந்துக்கு ரேடியோ கரகரத்தது.

“கிலோமீட்டர் எட்டு. பாரத்தோட தெற்க திரும்பிப் போறேன். யாராவது என்ன ஏதுன்னு சொல்லுவீங்களா? ஒருத்தர் நடு ரோட்டுல ஸ்கூட்டரப் போட்டுக் கைய ஆட்டினாரு. எஞ்சின் கெட்டுப்போச்சாக்கும்னு இறங்கினா, என்னைத் திருப்புன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

“அவரு அவ்வளவுதான் பேசுவாரு, ஓரெஸ்ட்” என்றாள் டார்கஸ். “இடுக்குல பனி பத்தாது. நான் தப்பாத் தொறந்துட்டேன். கரைக்குப் போனதும் கூப்பிடுங்க.”

ரேடியோ மறுபடி கரகரத்தது. “எவ்வளவு பத்தாது?”

“அம்பத்தெட்டு.”

“ம்” என்றார் ஓரெஸ்ட். “கிலோமீட்டர் ஏழு.”

லாசரஸ் மத்தியானம் வந்தார். திரும்பும் வழியில் இடுக்கில் இன்னும் இரண்டு துளை போட்டுப் பார்த்திருந்தார். ஐம்பத்துநாலு, நாற்பத்தொன்பது. அடுப்பின் மேலிருந்த கெட்டிலிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, புருவத்தில் படிந்த பனி உருகி வழிய உட்கார்ந்தார்.

“நீ படிப்பேன்னு நெனச்சேன்” என்றார். “அதுக்குத்தானே எழுதினேன்.”

“நான் கலரத்தான் பாத்தேன். படிக்கல.”

“எழுதுறதுக்கு வேற எடம் இல்ல.”

“தெரியும். நீங்க கேட்டீங்க. நான்தான் குடுக்கல.”

லாசரஸ் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “நானும் ஒரு போன் பண்ணியிருக்கணும். அம்பத்தெட்டப் பாத்துட்டு எவனாச்சும் தொறப்பானான்னு விட்டுட்டேன்.” இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

நாலு மணிக்குக் கவுன்சில் கூடியது. ஏழு பேர். சுவரில் ஷீட்டைப் பெரிதாகக் காட்டச் சொல்லியிருந்தாள். ஒகிமாவ் தீர்மானத்தை ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: அளவைப் பதிவுசெய்ததில் நேர்ந்த பிழை காரணமாக ஏரி தவறுதலாகத் திறக்கப்பட்டது.

“அது சரியில்ல, கவுன்சிலர்” என்றாள் டார்கஸ். “பதிவு சரியாத்தான் இருந்துச்சு. அம்பத்தெட்டுன்னும் இருந்துச்சு, சேறுன்னும் இருந்துச்சு. ரெண்டும் உண்மை. நான் எழுதின கேள்விதான் தப்பு.”

“கணினி தப்புன்னு வேணா போடலாமே” என்றார் இன்னொருவர்.

“கணினி சொன்னதத்தான் செஞ்சுச்சு.” அவள் சுவரைக் காட்டி, கட்டத்தில் 58 என்று தட்டினாள், பிறகு ‘58 சேறு’ என்று. ஆரஞ்சு பச்சையாவதை ஏழு பேரும் பார்த்தார்கள்.

கடைசி நாற்காலியில் இருந்த ஈடித் முனியாஸ், பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பானவள், “அதுல ‘மூஸ் மான்’னு போடு” என்றாள். டார்கஸ் போட்டாள். ‘முழுப் பாரம்.’ இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

“ஒண்ணும் எழுதாம விட்டா?”

“அத சைபர்னு எடுத்துக்கிட்டு மூடிடும். அது நான் யோசிச்சு வெச்சதில்ல. தானா அப்படி அமைஞ்சது.”

“மூணு வருஷமா இப்படித்தானா?”

“மூணு வருஷமா இப்படித்தான்.”

அவளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எடுத்துவிட்டு யாரை வைப்பது என்று ஈடித் கேட்டாள். கடைசியில் ஒகிமாவ் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “என்ன எழுதணுமோ நீயே சொல்லு” என்றார். அவள் சொன்னாள், அவர் எழுதினார். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதென்றும், இனி லாசரஸும் அவளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஏரி திறக்கும் என்றும் முடிவானது.

மறுநாள் காலை அவள் ஃபார்முலாவைப் பிரித்தாள். பழைய மூன்று கேள்விகளையும் அப்படியே வைத்து, அவற்றுக்கெல்லாம் வெளியே நாலாவதாக ஒரு கேள்வியைச் சுற்றிப் போட்டாள்: கட்டத்தில் இருப்பது எண்தானா? எண்ணாக இருந்தால் மட்டும் உள்ளே போய் மற்ற கேள்விகளைக் கேள். இல்லாவிட்டால் ஊதா நிறத்தில் ‘லாசரஸைக் கேள்’ என்று காட்டு. குறிப்பு எழுதத் தனியாக ஒரு கட்டமும் சேர்த்தாள். அதில் ஏதாவது எழுதியிருந்தால், தடிமன் எவ்வளவாக இருந்தாலும் பச்சை வராது. அவள் அதைப் படித்து, படித்தேன் என்று பக்கத்தில் குறித்த பிறகுதான் வரும். ‘இருந்தால்’கள் இப்போது ஆறு ஆகியிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எண், எழுத்து, வெறுமை, கழித்தல் குறி, ‘நூறு’ என்று எழுத்தால் எழுதியது என எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். அதற்கு இரண்டு நாள் பிடித்தது.

அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பிள்ளைகள் தெருவில் ஹாக்கி ஆடினார்கள். வாரக் கடைசியில் விமானத்தில் எட்டுப் பீப்பாய் எண்ணெய் வந்தது. லாசரஸ் இடுக்குக்குள்ளேயே அந்தத் தடத்துக்கு மேற்கே இருநூறு மீட்டர் தள்ளி எண்பத்தெட்டு சென்டிமீட்டர் நீலப் பனியைக் கண்டுபிடித்து, அங்கே புதுத் தடம் போட்டார். அரைப் பாரத்துக்குப் போதும். ஓரெஸ்ட் அதே எண்ணெயை இரண்டு நடையாகக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

முதல் நடைக்கு முந்தின நாள் டார்கஸ் லாசரஸிடம், “நாளைக்கு நானும் வர்றேன்” என்றாள். மூன்று வருஷத்தில் அவள் ஒரு துளையைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

இருவரும் விடிந்ததும் கிளம்பினார்கள். ஊர்ப்பக்கம் முப்பத்தொன்றில் தொடங்கிப் பதினாறாம் துளை வரைக்கும் ஒவ்வொன்றாக அவர் துளைத்தார், அவள் அளவுகோலைத் தொங்கவிட்டு எண்ணைச் சொன்னாள். துளையிலிருந்து வரும் தண்ணீர் கறுப்பாக இருந்தது. இடுக்கின் புதுத் தடத்தில் தொண்ணூறு காட்டியது. அவள் முழங்காலிட்டு, துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுதான் நீலமா?”

“இதுதான். அங்க பாரு, அது வெள்ள. அதுல பாதி காத்து.”

அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதை எழுதச் சொன்னால் அவளும் ‘கொஞ்சம் வெள்ளை’ என்றுதான் எழுதியிருப்பாள்.

பதினாறில் டேங்கர் வந்து நின்றது. ஓரெஸ்ட் கண்ணாடியை இறக்கினார். பெரிய உடம்பு, சிவந்த முகம். ரேடியோவில் கேட்ட குரலை வைத்து இன்னும் வயதானவர் என்று அவள் நினைத்திருந்தாள்.

“நீங்கதான் டார்கஸா?”

“ஆமா. ஓரெஸ்ட், அன்னைக்கு நான்…”

“ரேடியோவுலயே சொல்லிட்டீங்களே.” அவர் மறுபக்கக் கதவைத் திறந்தார். “ஊருக்குத்தானே? ஏறுங்க. பெல்ட் போடாதீங்க. கதவச் சாத்தாதீங்க, கையில புடிச்சுக்குங்க.”

பனிச்சாலையில் அப்படித்தான் போவார்கள். வண்டி உள்ளே போனால் குதிக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறாக இருந்தது. திறந்த கதவின் வழியாகக் குளிர் முகத்தில் அறைந்தது. கீழே பனி நகர்ந்துகொண்டிருந்தது. பாரம் ஏற ஏற அது அடியில் எங்கோ நீளமாக முனகியது, பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அவள் ஓரெஸ்ட்டைப் பார்த்தாள்.

“சத்தம் போட்டா நல்லது” என்றார் அவர். “சத்தமே இல்லாம இருந்தாத்தான் நான் பயப்படுவேன்.”

பதினெட்டைத் தாண்டியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் பாறைக்கரைகள் நெருங்கி வந்தன. லாசரஸ் நட்டுவைத்திருந்த கம்புகளுக்கு நடுவே வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போனது. வலப்பக்கம், கொஞ்ச தூரத்தில், கைவிட்ட பழைய தடம் தெரிந்தது. அதன் மேல் தண்ணீர் ஏறி, சாம்பல் நிறத்தில் ஒரு வயல் அளவுக்குப் பரந்து கிடந்தது. ஓரெஸ்ட் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

பாறைகள் விலகி ஏரி மறுபடி அகலமானதும் அவர் ஒலிவாங்கியை எடுத்தார். “கிலோமீட்டர் இருபது. அரைப் பாரத்தோட வடக்க வர்றேன். கூட ஒரு ஆள்.” பிறகு சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார். டார்கஸ் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி இன்னொரு கையால் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

“உப்பு ஜாஸ்தி” என்றாள்.

“டிரைவருக்கு அப்படித்தான் வேணும்” என்றார் ஓரெஸ்ட். “தூக்கம் வராது.”

பள்ளிக்கூடத்தின் புகைபோக்கி தூரத்தில் தெரிய ஆரம்பித்திருந்தது. அங்கே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.